பழகிய எண்

முப்பத்தொன்றாம் எலிக்கு நூற்று எழுபத்திரண்டு.
பக்கத்துக் கூண்டில் இருபத்தாறுக்கு நூற்றுப் பத்து.
இரண்டும் ஒரே தீனிதான் தின்கின்றன,
ஒரே மரத்தூளில்தான் சுருண்டு படுக்கின்றன.
இரத்த அழுத்தம் முகத்தில் தெரியாது.

ரிபெய்ராவ் பிரெட்டோவில் ஆகஸ்ட்.
எரிந்த கரும்புக்காட்டின் கரி
ஆய்வுக்கூட ஜன்னல் விளிம்பில் படிகிறது.
ஈரத்துணியால் துடைக்கிறேன், படிகிறது.
என் வேலைத்தாளில் அதுவும் உண்டு:
கரி, கூண்டு, தராசு, இரவுப் பதிவு.
கீழே கையெழுத்து: ஜுரேமா.

கழுத்தில் தமனி இரண்டாய்ப் பிரியும் கவட்டில்
நரம்பின் நுனிகள் ஒட்டியிருக்கின்றன.
சுவர் விரிந்தால் பேசும்,
சுருங்கினால் வாய் மூடும்.
அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் மூளைத்தண்டு
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
இதயத்திடம் சொல்லிவிடும்: மெல்ல.
அல்லது: ஓடு.
கட்டிலைவிட்டு எழும் ஒவ்வொரு காலையும்
நாம் மயங்கி விழாதது இதனால்தான்.
யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

முப்பத்தொன்றுக்குள் அந்தக் காவல்
தூங்கிப்போயிற்று என்றே நினைத்திருந்தேன்,
நான்கு வருடமாக.

செவ்வாய்க்கிழமை டாக்டர் லியோனில்டா
குழாய்களை இளக்கும் மருந்தில் ஒரு துளி விட்டார்.
திரையில் கோடு இறங்கியது.
நூற்றைம்பது.
நூற்று முப்பது.
நூற்றுப் பதினைந்து.
எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இதயம் பாய்ந்தது.
நானூறு, நானூற்று நாற்பது,
வெட்டுப்பட்டு இரத்தம் ஒழுக ஓடும் உயிர்போல.
இருபத்தாறு கண்மூடிக் கிடக்கும் அதே எண்
இதற்குக் கிணறு.

மருந்து கரைந்தது. கோடு ஏறியது.
நூற்று எழுபதைத் தொட்டதும்
இதயம் அடங்கி உட்கார்ந்தது,
வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதுபோல.

காவல் தூங்கவில்லை.
கொஞ்சம் மந்தம்தான்,
டாக்டர் வரைந்த கோட்டில் சரிவு குறைவு.
ஆனால் விழித்திருக்கிறது.
வேறொரு கதவின் முன்னால்.

என் வீடு நெடுஞ்சாலைக்கு மேலே, இரண்டாம் மாடி.
பதினோரு வருடமாகக் கரும்பு லாரிகள்
என் தலையணைக்குள் ஓடுகின்றன.
ஒரு மே மாதம் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
அடுப்பைப் பார்த்தேன். பூட்டைப் பார்த்தேன்.
இவால்டோவை உலுக்கினேன்: என்னமோ நடந்திருக்கு.
ஒன்றும் நடக்கலையே, என்றான்.
அதுதான்.

நான்காம் இரவு தூங்கினேன்.
ஆறாம் நாள் லாரிகள் திரும்பின.
மறுபடி முதலிலிருந்து.

இதை டாக்டரிடம் சொல்லவில்லை.
ஆனாலும் அடுத்த வாரம் அவரே
தண்ணீர்ப் புட்டியில் மருந்தைக் கலந்தார்,
அழுத்தத்தைக் கீழேயே பிடித்துவைக்க.
முதல் நாள் ஓட்டம்.
இரண்டாம் நாள் ஓட்டம், இளைப்போடு.
ஐந்தாம் நாள் கோடு நூற்று இருபதில் கிடந்தது.
முப்பத்தொன்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.
இன்னும் கொஞ்சம் இறக்கினோம்; அலறியது.
இப்போது நூற்று இருபதைக் காக்கிறது,
அதே மூர்க்கத்தோடு.

எது சரி என்று நரம்புக்குத் தெரியாது.
எது நேற்று என்று மட்டும் தெரியும்.

புட்டியை மாற்றினால் என்னாகும் என்பது
அடுத்த மாதத் திட்டம்.

போன மாதம் சுகாதார நிலையத்தில்
கையைச் சுற்றிய பட்டை புஸ்ஸென்று இறங்கியபோது
நர்ஸ் ஒருமுறை பார்த்தாள்,
மறுபடி கட்டி மறுபடி பார்த்தாள்.
நூற்று அறுபத்தெட்டு. தலைவலி உண்டா?
இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.
நன்றாகத்தான் இருந்தேன்.

மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள்.
நாற்காலியைவிட்டு எழுந்தால்
அறை ஒரு பக்கமாகச் சாய்கிறது.
கூண்டுக் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
கழுத்துக்குள் யாரோ ஓடு ஓடு என்கிறார்கள்.
பொறு, என்கிறேன். தரைதான் இது.

இருபத்தாறு தூங்குகிறது.
முப்பத்தொன்று என்னைப் பார்க்கிறது, அல்லது விளக்கை.

இரவு 2.40.
எலி 31: நூற்றுப் பதினெட்டு.
எலி 26: நூற்றுப் பதினொன்று.
அதற்குக் கீழே அந்தத் தாளில் கோடு இல்லை.
விளிம்பில், பென்சிலால்,
சின்னதாக ஒரு எண் எழுதி
கரி படிந்த விரலால் தேய்க்கிறேன்.